நீட்டிக்கப்பட்ட எல்க் வேட்டைப் பருவம்

நீட்டிக்கப்பட்ட எல்க் வேட்டைப் பருவம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் என்னும் பெரிய மானினத்தை வேட்டையாடுவதற்கு வழமையாக ஒதுக்கப்படும் இலையுதிர்கால வாரங்களுக்கு முன்னரும் பின்னரும் கூடுதலாக அனுமதிக்கப்படும் வேட்டைக் காலத்தைக் குறிக்கும். எல்க் எண்ணிக்கையை, குறிப்பாகப் பெண் எல்க்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே இதன் நோக்கமாகும். வேட்டை நாட்கள் கூடினால் வேட்டையாளர்கள் மகிழ்வர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பொது நிலங்களில் வேட்டையாடுவோரில் பலர் இத்தகைய நீட்டிப்பை எதிர்த்து வருகின்றனர். எல்க்குகள் பெருகியிருக்கும் இடம் ஒன்று, வேட்டை நெருக்கம் கூடும் இடம் வேறொன்று என்பதே அவர்களது முதன்மையான வாதமாகும்.

இக்கட்டுரை இச்சிக்கல் மிகத் தெளிவாக வெளிப்பட்ட மொன்ட்டானா மாநிலத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தேவையான இடங்களில் பிற பகுதிகளும் குறிப்பிடப்படுகின்றன.

எல்க்

எல்க் அல்லது வாப்பிட்டி (செர்வஸ் கனடென்சிஸ்) மான் குடும்பத்தின் மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாகும். காசுமீரில் வாழும் ஹங்குல் மானும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. ராக்கி மலைத்தொடரில் வாழும் முழுவளர்ச்சி பெற்ற ஆண் எல்க் ஏறத்தாழ 320 கிலோகிராம் எடையும், பெண் எல்க் ஏறத்தாழ 225 கிலோகிராம் எடையும் கொண்டவை. ஐரோப்பாவில் "எல்க்" என்ற சொல் மூஸ் எனப்படும் வேறொரு விலங்கைக் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்பலாகாது.

எல்க்குகள் கோடையில் உயர்ந்த மலைப்புல்வெளிகளில் மேய்கின்றன. பனி ஆழமாகப் பெய்யத் தொடங்கியதும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கும் அடிவாரப் புல்வெளிகளுக்கும் இறங்குகின்றன. செப்டெம்பர், அக்டோபர் மாதங்களில் இணைசேர்கின்றன. ஏறத்தாழ எட்டரை மாதச் சினைக்காலத்திற்குப் பின், மே மாத இறுதியிலும் சூன் மாதத்திலும் பொதுவாக ஒரு கன்றை ஈனுகின்றன. இந்த ஆண்டுச் சுழற்சியை நினைவிற் கொள்வது பின்வரும் சிக்கலைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும்.

ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்னர் வட அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி எல்க்குகள் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. கட்டுப்பாடற்ற வணிக வேட்டையாலும் வாழிட இழப்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொகை ஒரு இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. இன்று அது ஏறத்தாழ பத்து இலட்சமாக மீண்டுள்ளது. இம்மீட்சிக்கு வேட்டைச் சட்டங்கள், யெலோஸ்டோன் பகுதியிலிருந்து பிற இடங்களுக்கு எல்க்குகளைக் கொண்டுசென்று விட்டமை, வாழிடப் பாதுகாப்பு ஆகியன காரணங்களாகும். இவற்றுக்கான செலவில் பெரும்பங்கு வேட்டையாளர்களின் உரிமக் கட்டணங்களிலிருந்தும், 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கிகள், வெடிபொருட்கள் மீது விதிக்கப்படும் வரியிலிருந்தும் வந்தது. தாங்கள் கட்டணம் செலுத்தி மீட்ட விலங்கு என்ற உணர்வு வேட்டையாளர்களிடையே வலுவாக இருப்பதற்கு இதுவே காரணமாகும்.

பொது நிலமும் தனியார் நிலமும்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை பெரும்பாலும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறை வேறானது. அங்கே காட்டு விலங்குகள் எவருக்கும் தனிச்சொத்தல்ல. மக்களின் பொதுச் சொத்தாக அவற்றை மாநில அரசு பேணுகிறது. நிலத்தின் உரிமையாளர் தம் நிலத்தில் நிற்கும் எல்க்கிற்கு உரிமையாளர் ஆகமாட்டார். ஆயினும் தம் நிலத்துக்குள் யார் நுழையலாம் என்பதை அவரே முடிவு செய்வார். விலங்கு பொதுச் சொத்து, அது நிற்கும் நிலம் தனிச்சொத்து என்னும் இந்த இரட்டை நிலையே சிக்கலின் வேராகும்.

பொது நிலம் எனப்படுவது அரசுக்குச் சொந்தமானதும் பொதுமக்கள் நுழையக்கூடியதுமான நிலமாகும். கூட்டரசின் வனத்துறை நிருவகிக்கும் தேசியக் காடுகள் சுமார் 19.3 கோடி ஏக்கர் பரப்பும், நில மேலாண்மைப் பணியகம் நிருவகிக்கும் நிலங்கள் சுமார் 24.5 கோடி ஏக்கர் பரப்பும் கொண்டவை. மாநிலங்களுக்கும் தனியாக நிலங்கள் உள்ளன. மொன்ட்டானாவின் பரப்பில் ஏறத்தாழ 29 விழுக்காடு கூட்டரசின் நிலமாகும். சொந்தப் பண்ணையோ, பண்ணையாளர் நட்போ, கட்டண வேட்டைக்குச் செலவிடப் பணமோ இல்லாத ஒருவர் வேட்டையாடக்கூடிய இடம் பெரும்பாலும் இப்பொது நிலமே.

பொது நிலம் முழுவதும் எளிதில் அடையத்தக்கதுமன்று. சுற்றிலும் தனியார் நிலத்தால் அடைபட்டு, சட்டப்படி நுழைய வழியற்ற கூட்டரசு நிலம் மேற்கு மாநிலங்களில் சுமார் 95 இலட்சம் ஏக்கர் இருப்பதாக 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உயரமான, செங்குத்தான, விரைவில் பனி மூடும் நிலங்களே பெரிதும் பொது நிலங்களாக எஞ்சின. நீர்வளமிக்க பள்ளத்தாக்குகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே குடியேறிகளின் கைக்குச் சென்றன. ஆகவே எல்க்கின் கோடைக்கால மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் பொது நிலமாகவும், குளிர்கால மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் தனியார் நிலமாகவும் அமைந்துவிட்டன.

வழமையான வேட்டைப் பருவம்

மொன்ட்டானாவில் எல்க் வேட்டை வழமையாக இரு கட்டங்களாக நடைபெறும். செப்டெம்பர் முதல் வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ ஆறு வாரங்கள் வில்வேட்டைப் பருவம் நிகழும். அதன் பின் அக்டோபர் மாதப் பிற்பகுதியில் தொடங்கி, நவம்பர் இறுதியில் வரும் நன்றிநவிலல் நாளை அடுத்த ஞாயிறு வரை ஐந்து வாரங்கள் துப்பாக்கி வேட்டை நிகழும். இது பொதுப் பருவம் எனப்படும்.

ஒரு மந்தையின் வளர்ச்சியை முடிவு செய்பவை பெண் விலங்குகளே. ஓர் ஆண் எல்க் பல பெண் எல்க்குகளுடன் இணையும். ஆதலால் ஆண்களை வேட்டையாடுவதால் அடுத்த ஆண்டின் கன்றுகள் பெரிதும் குறைவதில்லை. மந்தையைக் குறைக்க வேண்டுமானால் பெண் எல்க்குகளை வேட்டையாட வேண்டும். இதற்காகவே கொம்பற்ற எல்க்கிற்கு மட்டும் செல்லுபடியாகும் தனி உரிமங்கள் வழங்கப்படுகின்றன.

நீட்டிப்பின் வரலாறு

மொன்ட்டானாவின் சட்டமன்றம் 2003-இல் இயற்றிய சட்டமொன்று, எல்க் உள்ளிட்ட சில விலங்குகளின் தொகையை அறிவிக்கப்பட்ட இலக்கு அளவிலோ அதற்குக் கீழோ வைத்திருக்க வேண்டும் என்று மாநிலத்தின் மீன், வனவிலங்கு மற்றும் பூங்காத் துறையைப் பணித்தது. 2004-ஆம் ஆண்டின் எல்க் மேலாண்மைத் திட்டம் ஒவ்வொரு பகுதிக்குமான இலக்குகளை வரையறுத்தது. நிலம் எத்தனை எல்க்குகளைத் தாங்கும் என்பதுடன், நில உரிமையாளர்கள் எத்தனை எல்க்குகளைப் பொறுத்துக்கொள்வர் என்பதும் இவ்விலக்குகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

மாநிலத்திற்கான இலக்குகளின் கூட்டுத்தொகை சுமார் 92,000 ஆக இருந்தது. ஆனால் 2020-ஆம் ஆண்டளவில் கணக்கெடுப்புகளில் காணப்பட்ட எல்க்குகள் 1,30,000-ஐத் தாண்டின. ஐந்து வாரப் பொதுப் பருவம் மட்டும் போதாது என்ற முடிவுக்கு அதற்கு முன்னரே வந்திருந்த துறை, 2015-இல் "ஷோல்டர் பருவம்" என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. ஷோல்டர் என்பது தோளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பொதுப் பருவத்தின் இருபுறத்திலும் தோள்களைப் போல அமைவதால் இப்பெயர் ஏற்பட்டது. இதன்படி ஆகத்து 15 முதல் அடுத்த ஆண்டு பெப்ரவரி 15 வரை, அதாவது ஆண்டில் பாதிக் காலம், ஏதேனும் ஒரு வகையில் எல்க் வேட்டை நிகழ வாய்ப்பு உண்டாயிற்று.

2015-16 குளிர்காலத்தில் சில வட்டாரங்களில் மட்டும் வெள்ளோட்டமாகத் தொடங்கிய இம்முறை, அடுத்த ஆண்டே 40-க்கும் மேற்பட்ட வேட்டை வட்டாரங்களுக்கு விரிந்தது. இது முதன்மையாகத் தனியார் நிலத்திற்கென வகுக்கப்பட்டது. பல வட்டாரங்களில் இதற்கான உரிமங்கள் தேசியக் காடுகளுக்குள் செல்லுபடியாகா. ஆயினும் சில வட்டாரங்களில் பிற பொது நிலங்களும் இதனுள் அடங்கின. எல்லைக்கோடு மங்கத் தொடங்கியதும் வேட்டையாளர்களின் கவலையும் கூடியது.

முறையை ஏற்கும்போது ஆணையம் சில நிபந்தனைகளையும் வகுத்தது. மந்தையில் ஓராண்டில் புதிதாகச் சேரும் விலங்குகளின் எண்ணிக்கையில் குறைந்தது பாதியளவு வில்வேட்டை, பொதுப் பருவங்களிலேயே வேட்டையாடப்பட வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. நீட்டிப்பு பொதுப் பருவத்திற்கு மாற்றாக ஆகிவிடக்கூடாது என்பதே இந்நிபந்தனையின் கருத்து. மூன்றாண்டுகளின் பின் மதிப்பிட்டபோது பல வட்டாரங்கள் எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்யவில்லை. இருப்பினும் பெரும்பாலான இடங்களில் நீட்டிப்பு தொடர்ந்தது. தற்காலிக ஏற்பாடு நிலையான வழக்கமாக மாறிவிடும் என்று முன்னரே எச்சரித்தவர்கள் இதனைத் தம் அச்சத்திற்குச் சான்றாகக் காட்டினர்.

ஓர் எளிய கணக்கு

வேட்டையாளர்களின் வாதத்தைப் பின்வரும் கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம். ஒரு வட்டாரத்தில் 1,000 எல்க்குகள் உள்ளன என்று கொள்வோம். இலக்கு 600. இவற்றில் 700 எல்க்குகள் பொதுமக்கள் நுழைய முடியாத பெரும் பண்ணைகளிலும், 300 எல்க்குகள் தேசியக் காட்டிலும் வாழ்கின்றன.

இலக்கை அடைய 400 எல்க்குகளைக் குறைக்க வேண்டும். வேட்டைப் பருவம் முழு வட்டாரத்திற்கும் நீட்டிக்கப்படுகிறது. பண்ணைகளின் கதவுகள் மூடியே உள்ளமையால் வேட்டையாளர்கள் அனைவரும் காட்டிற்கே செல்கின்றனர். அங்குள்ள 300-இல் 100 கொல்லப்படுகின்றன. அஞ்சிய 100 பண்ணைகளுக்குள் ஓடிவிடுகின்றன. இறுதியில் பண்ணைகளில் 800, காட்டில் 100, ஆக மொத்தம் 900 எல்க்குகள் எஞ்சுகின்றன. தொகை இன்னும் இலக்கைவிட 300 கூடுதலாகவே இருப்பதால் அடுத்த ஆண்டும் பருவம் நீட்டிக்கப்படும். பண்ணையாளரின் இடர் குறையவில்லை, கூடியுள்ளது. பொது நிலத்திலோ எல்க்குகள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன.

உண்மை நிலைமைகள் இவ்வளவு எளியவை அல்ல. ஆனால் வட்டாரத்தின் கூட்டுத்தொகையை மட்டும் நோக்கி எடுக்கும் முடிவு, அத்தொகை எங்கெங்கு எவ்வாறு பரவியுள்ளது என்பதை மறைத்துவிடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வேட்டையாளர்களின் கவலைகள்

இடப்பெயர்ச்சி

வேட்டை நெருக்கம் கூடும்போது எல்க்குகள் பொது நிலத்தை விட்டு அகல்வது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. மொன்ட்டானாவில் பொது நிலமும் தனியார் நிலமும் கலந்த பகுதிகளில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வொன்று, பொது நிலத்தில் வேட்டையாளர் நுழைவு கூடும்போது எல்க்குகள் நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட தனியார் நிலங்களை நாடுவதைக் காட்டியது. யூட்டா மாநிலத்தில் கழுத்துப்பட்டைக் கருவிகள் பொருத்தி எல்க்குகளைத் தொடர்ந்த ஆய்வாளர்களும் வேட்டைப் பருவத்தில் இதே போக்கைக் கண்டனர். ஐந்து வாரங்களில் நிகழும் இடப்பெயர்ச்சி ஆறு மாதங்களுக்கு நீண்டால், எல்க்குகள் பொது நிலத்திற்குத் திரும்பும் பழக்கத்தையே இழந்துவிடும் என்று வேட்டையாளர்கள் அஞ்சுகின்றனர்.

கற்றல்

எல்க்குகள் அனுபவத்திலிருந்து கற்கின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், பெண் எல்க்குகள் வயது கூடக்கூட வேட்டையாளர்களைத் தவிர்க்கும் வகையில் தம் நடத்தையை மாற்றிக்கொள்வது தெரியவந்தது. ஒன்பது, பத்து வயதைக் கடந்த பெண் எல்க்குகள் ஏறத்தாழ வேட்டைக்கு அகப்படாதவை ஆகிவிட்டிருந்தன. எல்க் மந்தைகளை வயது முதிர்ந்த பெண் விலங்குகளே வழிநடத்துகின்றன. கன்றுகள் தாயின் வழித்தடத்தையே பின்பற்றுகின்றன. பொது நிலத்தைப் பயன்படுத்தும் பெண் எல்க்குகள் கொல்லப்பட்டு, பண்ணைகளில் ஒதுங்குபவை பிழைத்து ஈன்றுகொண்டிருந்தால், சில தலைமுறைகளில் மந்தை முழுவதும் பண்ணை மந்தையாகிவிடும் என்பது இதிலிருந்து எழும் கவலையாகும்.

குளிர்கால நெருக்கடி

குளிர்காலத்தில் உணவு குறைவு. கோடையில் சேர்த்த கொழுப்பைச் சிறிதுசிறிதாகச் செலவிட்டே எல்க் வசந்தம் வரை உயிர்வாழ்கிறது. ஆழ்ந்த பனியில் துரத்தப்பட்டு ஓடும் ஒவ்வொரு தடவையும் இச்சேமிப்பு கரைகிறது. குண்டுபட்டு விழும் விலங்கு மட்டுமன்றி, அதனுடன் ஓடிய மந்தை முழுவதும் இதற்கு விலை கொடுக்கிறது.

இங்கே வேட்டையாளர்கள் ஒரு முரண்பாட்டைச் சுட்டுகின்றனர். எல்க்கின் குளிர்காலப் புலத்திற்காகவே 1948-இல் உருவாக்கப்பட்ட சன் ரிவர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி போன்ற மாநில நிலங்கள், பொதுப் பருவம் முடிந்ததும் மூடப்பட்டு மே மாத நடுப்பகுதியிலேயே திறக்கப்படுகின்றன. உதிர்ந்த கொம்புகளைப் பொறுக்குவதற்குக் கூட அதுவரை எவரும் உள்ளே செல்ல முடியாது. நடந்து செல்பவரின் காலடியே எல்க்கிற்குக் கேடு என்று கருதி ஓரிடத்தை மூடும் அரசு, அடுத்த நிலத்தில் பெப்ரவரி வரை துப்பாக்கியை அனுமதிப்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர்களின் வினா.

சினையுற்ற விலங்குகள்

பெப்ரவரி நடுப்பகுதியில் பெண் எல்க்குகளில் பெரும்பாலானவை நான்கைந்து மாதச் சினையுடன் இருக்கும். கொன்ற விலங்கின் வயிற்றைக் கிழித்துக் குடலை நீக்குவது வேட்டையாளரின் முதல் வேலை. அப்போது உருவம் பெற்ற கருவைக் காண நேரிடுகிறது. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால், சினையுற்ற எல்க்கை நவம்பரில் கொல்வதும் பெப்ரவரியில் கொல்வதும் ஒன்றே. அடுத்த ஆண்டின் கன்று இரண்டிலும் இல்லாமற் போகிறது. ஆயினும் கையால் தொட்டு அறிவது வேறு. நெடுங்காலம் வேட்டையாடியவர்களிற் சிலர் பின்பருவ உரிமத்தை ஒரு முறை பயன்படுத்தியபின் மீண்டும் வாங்குவதில்லை.

முற்பருவச் சிக்கல்கள்

ஆகத்து நடுப்பகுதியில் கன்றுகள் பிறந்து ஏறத்தாழ பத்து வாரங்களே ஆகியிருக்கும். அவை இன்னும் தாய்ப்பாலையும் குடிக்கின்றன. வெப்பம் மிகுந்த அம்மாதத்தில் 200 கிலோகிராம் எடையுள்ள விலங்கின் இறைச்சியை விரைவாகக் குளிர்விக்காவிடில் கெட்டுவிடும். மேலும் செப்டெம்பரில் தொடங்கும் வில்வேட்டைக்கு முன்னரே துப்பாக்கியோசை கேட்ட மந்தைகள் கலைந்துவிடுகின்றன. வில்வேட்டையாளர் ஏறத்தாழ 30, 40 மீட்டர் தொலைவுக்குள் விலங்கை நெருங்க வேண்டியவர். ஆதலால் இவ்விழப்பு அவரையே முதலில் தாக்குகிறது.

வேட்டை அறம்

விலங்கு தப்பிக்க நேர்மையான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேட்டை மரபின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. பனியால் பள்ளத்தாக்கில் ஒடுங்கி நிற்கும் நூற்றுக்கணக்கான எல்க்குகளைச் சாலையோரத்திலிருந்து பலர் ஒரே நேரத்தில் சுடும் காட்சி இந்நெறிக்கு மாறானது. காயமுற்று ஓடும் விலங்குகள் கூடுகின்றன. எது யார் சுட்டது என்ற பூசல்களும் எழுகின்றன. இக்காட்சிகள் வேட்டையாடாத பெரும்பான்மை மக்களிடம் வேட்டையின் மதிப்பைக் குலைக்கும் என்று வேட்டையாளர் அமைப்புகள் கவலை கொள்கின்றன.

கார்டினர் பின்பருவ வேட்டை

நீட்டிப்பு பற்றிய விவாதங்களில் அடிக்கடி நினைவுகூரப்படுவது, யெலோஸ்டோன் தேசியப் பூங்காவின் வட எல்லையில் உள்ள கார்டினர் ஊருக்கு அருகில் நடைபெற்ற பின்பருவ வேட்டையாகும். பூங்காவுக்குள் வேட்டை இல்லை. ஆனால் கடும் பனியில் எல்க்குகள் பூங்காவை விட்டு வடக்கே தேசியக் காட்டுக்கும் பண்ணைகளுக்கும் இறங்கும். 1976 முதல் குளிர்காலத்தில் அவற்றை, பெரும்பாலும் பெண் எல்க்குகளை, வேட்டையாட அனுமதி வழங்கப்பட்டது. 1990-களில் பல ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எல்க்குகள் இவ்வாறு கொல்லப்பட்டன.

1994-இல் சுமார் 19,000 ஆக எண்ணப்பட்ட வட யெலோஸ்டோன் மந்தை, 2013-இல் சுமார் 3,900 ஆகக் குறைந்தது. 1995-96-இல் ஓநாய்கள் மீண்டும் அறிமுகப்படுத்தப்பட்டமை, கரடிகளின் பெருக்கம், வறட்சி, 1996-97-இன் கடுங்குளிர் ஆகியனவற்றுடன், கன்று ஈனும் வயதிலிருந்த பெண் எல்க்குகள் வேட்டையாடப்பட்டமையும் இவ்வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எக்காரணத்தின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அனுமதிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2010-ஆம் ஆண்டளவில் இப்பின்பருவ வேட்டை முடிவுக்கு வந்தது. மந்தை சரியத் தொடங்கிய பின்னும் வேட்டை அனுமதிகள் உடனே நிறுத்தப்படவில்லை என்பதையே பொது நில வேட்டையாளர்கள் இதன் பாடமாகக் கொள்கின்றனர்.

நில உரிமையாளர்களின் நிலை

இச்சிக்கலின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். ஒரு மந்தையில் சில நூறு எல்க்குகள் ஒரு பண்ணையில் ஒரு குளிர்காலம் தங்கினால், மாடுகளுக்கெனச் சேர்த்த உலர்புற்போர்களையும் குதிரைமசால் வயல்களையும் தின்று தீர்த்துவிடும். முள்வேலிகள் அறுபடுகின்றன. யெலோஸ்டோனைச் சூழ்ந்த பகுதிகளில் எல்க்குகளிடையே புருசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோய் உள்ளது. அது மாடுகளுக்குத் தொற்றினால் பண்ணையாளர் பெரும் பொருளிழப்புக்கு உள்ளாவார். பொதுச் சொத்தான விலங்கைத் தம் செலவில் ஊட்டி வளர்க்கிறோம் என்ற அவர்களின் குறை பொருளற்றதன்று.

ஆனால் பண்ணையாளர் அனைவரும் ஒரே நிலையில் இல்லை. சிலர் பொது வேட்டையாளர்களைக் கட்டணமின்றி அனுமதிக்கின்றனர். சிலர் தம் நிலத்தை வேட்டை வழிகாட்டி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றனர். பெரிய கொம்புள்ள ஆண் எல்க்கிற்குப் பெரும் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்களைக் கொண்ட இந்நிறுவனங்களுக்கு, எல்க்குகள் தம் எல்லைக்குள் அமைதியாக இருப்பதே ஆதாயம். வேறு சில பெரும் பண்ணைகளின் உரிமையாளர்கள் வேட்டையை அறவே விரும்புவதில்லை. எல்க்குகளால் இழப்புக்குள்ளாகும் சிறு பண்ணை, அடைக்கலம் தரும் பெரும் பண்ணைக்கு அடுத்து அமைந்திருப்பதுண்டு. கதவைத் திறந்து வைத்தவரும் அதன் விளைவைச் சுமக்கிறார்.

2022-இல் நில உரிமையாளர் அமைப்பொன்று, எல்க் எண்ணிக்கையை இலக்கிற்குக் கொண்டுவரத் தவறியதாக மாநிலத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. வேட்டையாளர் அமைப்புகள் எதிர்த்தரப்பில் இணைய முன்வந்தன. நீட்டிப்பு நடைமுறைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியும் இரு தரப்பினருக்கும் மனநிறைவு ஏற்படவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

ஆதரவுக் கருத்துகள்

வேட்டையாளர்கள் அனைவரும் நீட்டிப்பை எதிர்க்கின்றனர் என்று கொள்வது தவறாகும். இறைச்சிக்காக வேட்டையாடும் குடும்பங்களுக்கு ஓர் எல்க் பல மாத உணவு. பொதுப் பருவத்தில் விடுப்புக் கிடைக்காதோர், முதியோர், புதிதாக வேட்டை பயிலும் இளையோர் ஆகியோருக்குக் கூடுதல் நாட்கள் நல்வாய்ப்பாகும். பொதுப் பருவத்தில் நுழைவு மறுக்கும் சில பண்ணைகள் பின்பருவத்தில் பெண் எல்க் வேட்டைக்கு மட்டும் அனுமதிப்பதும் உண்டு. சட்டம் இலக்கை விதித்துள்ளபோது கையிலுள்ள கருவிகள் அனைத்தையும் பயன்படுத்தியாக வேண்டும் என்பது துறையின் நிலைப்பாடாக இருந்து வந்துள்ளது.

முன்வைக்கப்படும் மாற்றுவழிகள்

நீட்டிப்பைத் தனியார் நிலத்திற்கு மட்டும் வரையறுத்தல் பொது நில வேட்டையாளர்கள் மிகுதியாகக் கோரும் மாற்றமாகும். யூட்டா மாநிலம் தனியார் நிலத்தில் மட்டும் செல்லுபடியாகும் பெண் எல்க் அனுமதிகளை வழங்கி இம்முறையைப் பின்பற்றியது. இதன் வழி நெருக்கம் பண்ணைகளிற் கூடி, எல்க்குகள் பொது நிலத்திற்குத் திரும்பத் தூண்டப்படும்.

நுழைவைப் பெறுதல் இரண்டாவது வழி. மொன்ட்டானாவில் 1985-இல் தொடங்கிய பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தின்படி, தம் நிலத்தில் பொதுமக்களை வேட்டையாட அனுமதிக்கும் உரிமையாளருக்குத் துறை பணம் வழங்குகிறது. வேட்டையாளர் கட்டணம் செலுத்துவதில்லை. மேலும், எல்க்குகளால் ஏற்படும் சேதத்திற்கு அரசின் உதவி கோரும் உரிமையாளர் பொதுப் பருவத்தில் ஓரளவேனும் பொது வேட்டையை அனுமதித்திருக்க வேண்டும் என்ற விதியும் அம்மாநிலத்தில் உண்டு. பருவ நீட்டிப்பையும் இதே நிபந்தனையுடன் இணைக்க வேண்டும் என்பது வேட்டையாளர்களின் வாதம்.

பொது நிலத்தைப் பாதுகாப்பானதாக்குதல் மூன்றாவது வழி. வேட்டைப் பருவத்தில் எல்க் ஒதுங்குவதற்கு, திறந்த சாலையிலிருந்து அரை மைலுக்கு அப்பால், குறைந்தது 250 ஏக்கர் பரப்புள்ள அடர்ந்த மறைவிடங்கள் தேவை என்றும், அவை மொத்தப் பரப்பில் 30 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்றும் 1991-இல் ஒரு வழிகாட்டு நெறி முன்வைக்கப்பட்டது. ஒரிகன் மாநிலத்தின் ஸ்டார்கி ஆய்வுக் காட்டில் 1989 முதல் நடந்துவரும் ஆய்வுகளும் எல்க்குகள் போக்குவரத்துள்ள சாலைகளை விட்டு விலகுவதை உறுதி செய்துள்ளன. சாலைகள் சிலவற்றைப் பருவத்தில் மூடினால் எல்க்குகள் பண்ணைகளை நாட வேண்டிய தேவை குறையும். காட்டின் உள்ளே நடந்து செல்ல வேண்டியிருப்பதால் இது வேட்டையாளர்களிடமும் ஓரளவு தியாகத்தைக் கோருகிறது.

கணக்கிடும் முறையை மாற்றுதல் நான்காவது வழி. பொது வேட்டைக்கு எட்டாத நிலங்களில் நிலையாகத் தங்கியுள்ள எல்க்குகளையும் இலக்குக் கணக்கில் சேர்ப்பதால், எட்டும் நிலத்திலுள்ள மந்தைகள் தேவையின்றிக் குறைக்கப்படுகின்றன என்று சில வேட்டையாளர் அமைப்புகள் கருதுகின்றன.

முக்கியத்துவம்

இச்சிக்கல் வெளிநோக்கில் நாட்காட்டி பற்றியது. உள்ளே அது பங்கீடு பற்றியது. பொது நிலத்தில் எல்க்குகள் அருகி, கட்டணம் செலுத்துவோர் மட்டும் நுழையும் நிலங்களில் பெருகினால், சட்டத்தில் பொதுச் சொத்தாக உள்ள விலங்கு நடைமுறையில் தனிச்சொத்தாகிவிடும். எளிய வருவாயுடைய வேட்டையாளர் உரிமம் வாங்குவதைக் கைவிடுவார். அவரது கட்டணத்தை நம்பியிருக்கும் வனவிலங்குத் துறையின் வருவாயும், வாழிடங்களைக் காக்க அவர் எழுப்பும் குரலும் அவருடன் சேர்ந்து குறையும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அழிவின் விளிம்பிலிருந்த எல்க்கை மீட்டது இவ்வுறவே. வேட்டை நாட்கள் கூடுவதை வேட்டையாளர்களே எதிர்ப்பதன் காரணமும் இதுவே.